புதிதாகக் குத்திய துளைக்கு எந்த உப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காதோ மூக்கோ தொப்புளோ புருவமோ, எங்கே குத்தினாலும் கிடைக்கும் முதல் அறிவுரை "உப்புத் தண்ணி வச்சு கழுவு" என்பதுதான். எந்த உப்பு, எவ்வளவு, எந்தத் தண்ணீர் என்று யாரும் சொல்வதில்லை. துளை எரிவதும் தோல் காய்ந்து வெடிப்பதும் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எந்த உப்பு வாங்குவது?

உப்பு வாங்க வேண்டாம். கலந்து, கிருமி நீக்கி, மூடி முத்திரையிட்ட 0.9% சோடியம் குளோரைடு கரைசலை மருந்துக்கடையில் வாங்குங்கள். நார்மல் சலைன் என்றும் சுருக்கமாக என்.எஸ். என்றும் சொல்வார்கள். அது கிடைக்காத ஊரில், கிடைக்காத நேரத்தில் மட்டும்தான் சமையலறை உப்பைப் பற்றிய பேச்சு வர வேண்டும்.

அது என்ன 0.9 கணக்கு?

100 மி.லி. தண்ணீரில் 0.9 கிராம் உப்பு, அதாவது லிட்டருக்கு 9 கிராம். இந்த அளவில் கரைசலின் அடர்த்தி நம் இரத்தத்தோடும் திசுநீரோடும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டச்சு உடலியல் அறிஞர் ஹார்ட்டோக் ஹாம்பர்கர் சிவப்பணுக்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலிருந்து இந்த எண் நிலைத்தது.

உப்பு கூடினால் என்ன ஆகும் என்பதற்கு ஊறுகாய் ஜாடியைப் பாருங்கள். நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டு வைத்தால் மறுநாள் தண்ணீர் விட்டு, துண்டு சுருங்கிக் கிடக்கும். துளைக்குள் புதிதாக முளைக்கும் மெல்லிய தோலுக்கும் அதே கதிதான். அதில் இருக்கும் நீரை உப்பு வெளியே இழுக்கிறது. தோல் வறண்டு வெடிக்கிறது, வெடிப்பில் நிணநீர் கசிகிறது, கசிந்தது பொருக்குத் தட்டுகிறது. பொருக்கைப் பார்த்துப் பயந்து இன்னும் கொஞ்சம் உப்பைக் கூட்டுகிறோம்.

உப்பு குறைந்தால் அவ்வளவு கேடு இல்லை. லேசாக எரியலாம், தோல் சற்று ஊறிப்போகலாம். ஆகவே சந்தேகம் வந்தால் குறைவான பக்கமே நில்லுங்கள்.

மருந்துக்கடையில் எப்படிக் கேட்பது? "குளுக்கோஸ் பாட்டில்" என்றால் தருவார்களா?

அந்தப் பேரில் மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் நரம்பில் ஏற்றுகிற எல்லாப் பாட்டிலுக்கும் குளுக்கோஸ் என்றுதான் பேர். அவற்றில் டி.என்.எஸ். என்பது உப்போடு 5% டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரை கலந்தது. அதைப் புண்ணில் விட்டால் பிசுபிசுக்கும், கிருமிக்குத் தீனி போட்டதாகவும் ஆகும். ஆர்.எல். என்பது வேறு உப்புகளும் லாக்டேட்டும் சேர்ந்த கரைசல். உங்களுக்கு வேண்டியது என்.எஸ். மட்டும். பாட்டிலில் சோடியம் குளோரைடு 0.9% என்று இருக்க வேண்டும். வேறு எந்தப் பொருளின் பெயரும் இருக்கக் கூடாது. சில கடைகளில் மருத்துவர் சீட்டு கேட்கலாம்.

அளவில் சின்னதாக வாங்குவதே நல்லது. 500 மி.லி. பாட்டில் லாபம் போலத் தெரியும். ஆனால் அதில் கெடாமல் காக்கும் மருந்து எதுவும் இல்லை. திறந்த 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். முறுக்கித் திறக்கும் 10 மி.லி. பிளாஸ்டிக் ஆம்பூல் கிடைத்தால் அதுதான் கச்சிதம், ஒரு வேளைக்கு ஒன்று. ஒரு எச்சரிக்கை: ஊசி மருந்து கலக்கப் பயன்படும் வெறும் கிருமிநீக்கிய தண்ணீரும் அச்சு அசலாக அதே ஆம்பூலில் வருகிறது. கடைக்காரர் அவசரத்தில் மாற்றிக் கொடுப்பது உண்டு, எழுத்தைப் படித்து வாங்குங்கள். நெபுலைசருக்கான சலைன் குப்பிகளிலும் 0.9% ஒன்று, 3% ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. 3% உங்களுக்கு ஆகாது.

100 மி.லி. பாட்டில்தான் கிடைத்தது என்றால் மூடியை வெட்டித் திறந்து வைக்காதீர்கள். ரப்பர் மூடியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, புது சிரிஞ்ச் ஊசியால் வேண்டிய 5 மி.லி.யை மட்டும் இழுங்கள். ஊசியைக் கழற்றிவிட்டு சிரிஞ்சால் துளைமேல் மெதுவாகப் பீய்ச்சலாம். அடுத்த வேளைக்கு வேறு ஊசி, வேறு சிரிஞ்ச்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சிரமம் குறைவு. காயம் கழுவவும், உடல் துளைகளுக்கென்றும் தனியாக ஸ்பிரே டப்பாக்கள் விற்கின்றன. திறந்த பிறகும் உள்ளே இருப்பது கெடாத அமைப்பு அது. பொருள் பட்டியலில் 0.9% சோடியம் குளோரைடும் தண்ணீரும் தவிர வேறொன்றும் இல்லாததைப் பார்த்து எடுங்கள்.

வீட்டில் மூக்கடைப்புக்கு வாங்கிய உப்புத்தண்ணீர் சொட்டுமருந்து இருக்கிறதே?

பெரும்பாலும் அது 0.65% கரைசல், பலவற்றில் பென்சால்கோனியம் குளோரைடு போன்ற காப்புப் பொருளும் இருக்கும். ஆறும் புண்ணில் அது எரிச்சல் தரும். சிலவற்றில் சைலோமெட்டாசோலின் என்ற, இரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்தும் உண்டு. கான்டாக்ட் லென்ஸ் கரைசலும் இந்த வகையில்தான் சேரும். இரண்டும் வேண்டாம்.

கண்டிப்பாக வீட்டில் கலக்கவே கூடாதா?

அமெரிக்காவில் உள்ள தொழில்முறைத் துளையிடுவோர் சங்கம் ஒரு காலத்தில் ஒரு கப் தண்ணீருக்குக் கால் டீஸ்பூன் அயோடின் சேராத கடலுப்பு என்று கலவைக் குறிப்பே கொடுத்து வந்தது. பிறகு அதைக் கைவிட்டு, கிருமிநீக்கிய 0.9% கரைசலையே பரிந்துரைக்கிறது. காரணம் எளிது: வீட்டில் கலப்பவர்கள் உப்பை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். "கொஞ்சம் தூக்கலா இருந்தா சீக்கிரம் ஆறும்" என்ற எண்ணம் எல்லா ஊரிலும் இருக்கிறது போல.

வேறு வழியே இல்லை, ஓரிரு நாள் சமாளிக்க வேண்டும் என்றால் அடுத்த நான்கு பதில்களையும் படித்துவிட்டுக் கலக்குங்கள்.

நம் ஊரில் கிடைக்கும் உப்புகளில் எது பரவாயில்லை?

எதுவும் சேர்க்காத, தூய, பொடியான சோடியம் குளோரைடு. மருந்துத் தரத்தில் ஐ.பி. (இந்தியன் பார்மகோபியா, அதாவது இந்திய மருந்துத் தரநூல்) என்று குறித்து வருவது முதல் தேர்வு. வெளிநாட்டுக் கடைகளில் ஊறுகாய்க்கென்று விற்கும் உப்பில் அயோடினோ கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருளோ இருக்காது, அதுவும் நல்லது. இவை இல்லையென்றால் பாக்கெட்டில் வரும் சாதாரணத் தூள் உப்பு. இதைச் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள், காரணம் கீழே இருக்கிறது.

கல் உப்பை "இயற்கையானது" என்று சொல்லி நீட்டுவார்கள். தூத்துக்குடியிலோ மரக்காணத்திலோ வேதாரண்யத்திலோ பாத்தியில் விளைந்து வாரி எடுக்கும் உப்பு அது. சமையலுக்கு அருமை. ஆனால் அதோடு மெக்னீசியமும் கால்சியமும் பாத்தி மண்ணும் கொஞ்சம் வரும். கரைத்து வைத்தால் டம்ளர் அடியில் சாம்பல் நிறத்தில் படிவதைப் பார்த்திருப்பீர்கள். கரண்டியில் அள்ளும்போது கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் காற்று நிற்பதால் ஒவ்வொரு முறையும் எடை மாறும் என்பது அடுத்த தொல்லை. தராசு இருந்தால் சரி, வடிகட்டிவிட்டுப் பயன்படுத்தலாம்.

இந்துப்பின் இளஞ்சிவப்பு இரும்பு ஆக்சைடால் வருவது. அதில் கரையாத துகள் உண்டு, துளைக்கு அதனால் கூடுதல் நன்மை ஒன்றும் இல்லை. கருப்பு உப்பில் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன, அந்த முட்டை வாசனையே சாட்சி. இரத்தக் கொதிப்புக்காரர்களுக்கு விற்கும் சோடியம் குறைந்த உப்பில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு. புண்ணில் பட்டால் அது வேறு மாதிரி சுரீரென்று இருக்கும். இரும்புச் சத்து சேர்த்த உப்பையும் ஒதுக்குங்கள். எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட், பேர் மட்டும்தான் உப்பு. சமையல் சோடா காரத்தன்மை உடையது. படிகாரம் துவர்ப்பால் தோலை இறுக்கும். சவரக் கீறலுக்கு ஒரு முறை தடவுவதும், மாதக்கணக்கில் ஆறும் துளைக்குத் தினமும் விடுவதும் ஒன்றல்ல.

அயோடின் உப்பு புண்ணுக்கு ஆகாது என்கிறார்களே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தியாவில் 2006 முதல் நேரடியாக மக்கள் உண்ணும் உப்பை அயோடின் சேர்த்துத்தான் விற்க வேண்டும். கடையில் கைக்கு வரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் கரைசலுக்குப் போடும் 9 கிராம் உப்பில் 0.27 மில்லிகிராம்தான் வரும். ஆஸ்பத்திரியில் காயத்துக்குத் தடவும் 10% போவிடோன் அயோடினில் இருப்பது இதைவிடப் பல ஆயிரம் மடங்கு. ஆக, அயோடினுக்காக மட்டும் பயப்படத் தேவையில்லை.

தூள் உப்பில் கவனிக்க வேண்டியது, உப்பு உதிரியாக இருக்கச் சேர்க்கும் பொருள்களை. சிலிக்கான் டை ஆக்சைடு போன்றவை தண்ணீரில் கரையாது. வெள்ளைக் கலங்கலாக நிற்கும். தெளிய விட்டு மேல்தண்ணீரை மட்டும் இறுத்து எடுத்தால் போதும்.

அளவை எப்படிச் சரியாகப் பிடிப்பது?

0.1 கிராம் வரை காட்டும் சின்னக் கைத்தராசு இருந்தால்: 250 மி.லி.க்கு 2.25 கிராம், அரை லிட்டருக்கு 4.5 கிராம், ஒரு லிட்டருக்கு 9 கிராம்.

தராசு இல்லை, 5 மி.லி. அளவுக் கரண்டி மட்டும்தான் என்றால்: தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பு சுமார் 6 கிராம். 250 மி.லி. தண்ணீருக்குத் தலைதட்டிய கால் டீஸ்பூன் போட்டால் 0.6% வரும். சரியான அளவைவிடக் குறைவுதான், ஆனால் பாதுகாப்பான பக்கத்துக் குறைவு. அதே தண்ணீரில் அரை டீஸ்பூன் போட்டால் 1.2%, எல்லை தாண்டியாயிற்று. குவித்து அள்ளிய ஒரு டீஸ்பூன் என்றால் 3 சதவீதத்தை நெருங்கிவிடும், ஏறக்குறைய கடல்நீர்.

அஞ்சறைப் பெட்டிக் கரண்டி, காபி கலக்கும் ஸ்பூன், பாயசம் சாப்பிடும் ஸ்பூன் எல்லாம் அளவுக் கரண்டி ஆகாது. ஒன்றுக்கொன்று இரட்டிப்பு வித்தியாசம்கூட இருக்கும். இருமல் மருந்தோடு வரும் 5 மி.லி. மூடியோ கரண்டியோ வீட்டில் கிடக்கும், அது மேல். கடைசியாக நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்: கண்ணீர் அளவு கரித்தால் சரி, அதைவிடக் கரித்தால் தண்ணீர் சேருங்கள். (சுவை பார்த்த சொட்டு தனிக் கரண்டியில் இருக்கட்டும்.)

குழாய்த் தண்ணீரைக் காய்ச்சினால் போதுமா?

ஆற்றுத் தண்ணீர் என்றால் சரி. போர்த் தண்ணீர் என்றால் வேண்டாம்; அதில் ஏற்கெனவே கால்சியமும் உப்பும் இருக்கிறது, எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது. பக்கெட்டில் வெள்ளைப் படிவு பிடிக்கிற வீடு என்றால் ஆர்.ஓ. தண்ணீரையோ கேன் தண்ணீரையோ எடுங்கள். அதையும் காய்ச்ச வேண்டும். ஆர்.ஓ. என்பது உப்பு நீக்கியது, கிருமியே இல்லாதது என்று அர்த்தமில்லை.

வரிசை முக்கியம். முதலில் வெறும் தண்ணீரை மூடி போட்டு 5 நிமிடம் கொதிக்க விடுங்கள். இறக்கி, கொதிநீரில் போட்டெடுத்த கண்ணாடிப் பாட்டிலில் அளந்து ஊற்றி, அப்புறம் உப்பைப் போடுங்கள். உப்பைப் போட்டுக் கொதிக்க வைத்தால் ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். அரை லிட்டர் வைத்து 350 மி.லி. ஆக வற்றினால், சரியாகப் போட்ட 0.9% கூட 1.3% ஆகிவிடும். அன்றன்றைக்குக் கலந்து அன்றே தீர்த்துவிடுங்கள்.

கழுவும் முறையைச் சொல்லுங்கள்.

கையைச் சோப்பு போட்டு 20 வினாடி தேய்த்துக் கழுவுங்கள். இது விடுபட்டால் மற்றதெல்லாம் வீண். ஆம்பூலிலிருந்தோ சிரிஞ்சிலிருந்தோ துளையின் இரண்டு பக்கமும் சலைனை விடுங்கள். பொருக்கு ஒட்டியிருந்தால், மருந்துக்கடையில் விற்கும் கிருமிநீக்கிய காஸ் துணியைச் சலைனில் நனைத்து இரண்டு மூன்று நிமிடம் ஒத்தி வைத்தால் தானாக இளகும். இளகியதைத் துடைத்தெடுங்கள், இளகாததை நகத்தால் பிய்க்காதீர்கள்.

பஞ்சைவிடக் காஸ் ஏன் என்றால், பஞ்சின் இழை மூக்குத்தியின் தண்டிலும் திருகாணியின் புரியிலும் சுற்றிக்கொள்ளும். இழுத்தால் துளையோடு சேர்ந்து வரும்.

கடைசிப் படி காயவைப்பது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஈரம் நின்றால் தோல் ஊறும், நீர் உலர்ந்த பின் மிஞ்சும் உப்பு துளை வாயில் படியும். வீட்டில் எல்லோரும் துடைக்கும் துண்டு வேண்டாம், டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை போதும். நாளுக்கு ஐந்தாறு முறை கழுவுவது, கழுவாமல் விடுவதைப் போலவே ஆறுவதைத் தள்ளிப்போடும்.

தோட்டைத் திருகித் திருகி விடச் சொன்னார்களே, இல்லாவிட்டால் சதையோடு ஒட்டிக்கொள்ளுமாம்?

ஒட்டாது. தண்டைச் சுற்றியிருப்பது காய்ந்த நிணநீர்தான். அதைத் திருப்பும்போது வெளியே இருக்கும் பொருக்கு கண்ணாடித் தூள் மாதிரி உள்ளே போய், புதுத் தோலை அறுக்கும். கழுவும்போது தானாக அசைவது போதும்.

கடலில் குளித்தால் நல்லதா? அதுவும் உப்புத் தண்ணீர்தானே?

கடல்நீரில் சராசரியாக 3.5% உப்பு. நமக்கு வேண்டியதைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு. போதாததற்கு மணலும் கிருமியும் சாக்கடை கலக்கிற கரைகளும். துளை ஆறும்வரை கடல், கிணறு, குளம், நீச்சல்குளம் எதிலும் முங்க வேண்டாம்.

மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பங்குச்சி?

மூன்றும் காலங்காலமாக இருப்பவை என்பதால் இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. மஞ்சளுக்குக் கிருமியை எதிர்க்கும் குணம் உண்டுதான். சிக்கல் கடை மஞ்சள்தூளில். அது கிருமிநீக்கியது இல்லை, துகள் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும், நிறம் சிவப்பை மறைத்து சீழ் பிடிப்பதைக் காட்டாமல் செய்யும். எண்ணெய் துளை வாயை மூடி உள்ளிருந்து வரும் கசிவைத் தடுக்கும். வேப்பங்குச்சியின் முனை சிராய், ஈரத்தில் ஊறிப் பருக்கும். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகியவை கிருமியோடு புதுத் தோலையும் சேர்த்தே அழிக்கும். பவுடர் மருந்துகள் கட்டிதட்டும்.

குழந்தைக்குக் காது குத்தியிருக்கிறோம். அதே சலைனா?

அதேதான், அளவிலும் மாற்றமில்லை. குழந்தை தூங்கும்போது நனைத்த காஸை ஒத்துவது எளிது. திருகாணியைக் காதோடு அழுத்தி முறுக்காமல் சற்று இடம் விடுங்கள். முதல் ஓரிரு நாள் வீங்கும்போது இறுக்கமான திருகாணி சதைக்குள் புதையும். எண்ணெய்க் குளியல் அன்று காதில் எண்ணெயும் சீயக்காயும் பட்டால் உடனே கழுவிவிடுங்கள்.

நாக்கிலும் உதட்டிலும் குத்தியவர்களுக்கு?

உதட்டின் வெளிப்பக்கத்துக்கு மேலே சொன்னதே. வாய்க்குள் கிருமிநீக்கிய தண்ணீர் தேவையில்லை. காய்ச்சி ஆறிய தண்ணீரில் கால் டீஸ்பூன் கணக்கில் கலந்து, சாப்பிட்ட பின் அரை நிமிடம் கொப்பளித்துத் துப்பினால் போதும், ஒரு நாளைக்கு நாலைந்து முறைக்கு மேல் வேண்டாம். அலகு குத்திய கன்னத்துக்கும் இதே முறை: உள்ளே கொப்பளிப்பு, வெளியே சலைன். அங்கே நகை எதுவும் தங்காததால் துளை விரைவில் மூடிவிடும்.

எத்தனை நாள் தொடர வேண்டும்?

காதின் கீழ்ச்சதை 6 முதல் 8 வாரம். நாக்கு 4 முதல் 6 வாரம். மூக்கின் பக்கவாட்டுக்கு நாலு மாதமாவது ஆகும். காதின் மேல் குருத்தெலும்புக்கும் தொப்புளுக்கும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். வெளியே ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே ஆறியிருக்காது. துளை இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கித்தான் ஆறும்.

வெள்ளையாகக் கசிகிறது. சீழா?

வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ மெல்லியதாகக் கசிந்து, காய்ந்ததும் பொருக்காக நிற்பது நிணநீர். முதல் சில வாரங்களுக்கு அது இயல்பு. கெட்டியாக, பச்சை கலந்த மஞ்சளாக, நாற்றத்தோடு வந்தால் சீழ். சிவப்பு பரவுவது, தொட்டால் சூடாக இருப்பது, விண்விண் என்று தெறிப்பது, காய்ச்சல் ஆகியவை சேர்ந்தால் உப்பைக் கையில் எடுக்காமல் மருத்துவரிடம் போங்கள். சலைன் கழுவும், அவ்வளவுதான், தொற்றைக் குணப்படுத்தாது.

காதின் மேல் குருத்தெலும்பு என்றால் அன்றே போக வேண்டும். அங்கே இரத்த ஓட்டம் குறைவு. சூடோமோனாஸ் என்ற கிருமி புகுந்தால் குருத்தெலும்பு அழிந்து காது நிரந்தரமாகச் சுருங்கிவிடலாம். அந்தக் கிருமிக்கு எல்லா ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது, எனவே வீட்டில் மிச்சம் இருக்கும் மாத்திரையைப் போடாதீர்கள். போகும் வழியில் நகையைக் கழற்றவும் வேண்டாம். துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே கட்டிக்கொள்ளும். கழற்றுவதா இல்லையா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் அரிப்பும் சிவப்பும் போகவில்லை. உப்பை மாற்றிப் பார்க்கலாமா?

இந்த நிலையில் உப்பை விட்டுவிட்டு நகையைப் பாருங்கள். பாலிஷ் போட்ட கவரிங்கிலும் மலிவான ஸ்டீலிலும் வெளிவரும் நிக்கல் அரிப்புக்கு முக்கியக் காரணம், அதை எந்தக் கரைசலும் கழுவாது. உடலில் பொருத்தும் தரத்து டைட்டானியம் பாதுகாப்பானது. தங்கம் என்றால் நிக்கல் கலக்காத 14 அல்லது 18 காரட். நம் வீடுகளில் விரும்பும் 22 காரட் மென்மையானது, நுண்ணிய கீறல் விழும், கீறலில் அழுக்கு தங்கும். ஆறிய பிறகு அதை மாட்டிக்கொள்ளலாம்.